கடிகாரத்தைத் திருப்பிய மறுநாள்

அமெரிக்க காங்கிரஸ் 2005-ல் எரிசக்திச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எண்ணெய், மின்சாரம், அணு உலை, எத்தனால் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் அந்தச் சட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவு ஒளிந்திருந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நாள் அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறாக இருந்தது. இனி மார்ச் இரண்டாம் ஞாயிறு. பழையபடி பின்னுக்குத் திருப்பும் நாள் அக்டோபர் கடைசி ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. 2007-ல் இது நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் மிச்சமாகும் என்பது சட்டம் போட்டவர்களின் கணக்கு. அது பலித்ததா என்பது வேறு கதை. சாலை விபத்துகளை ஆராய்கிறவர்களுக்கோ, கேட்காமலே ஒரு பரிசோதனைக்கூடம் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் விபத்து கூடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தால், அதை மறுக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். பனி உருகி ரோடு காய்ந்ததும் வண்டிகள் வேகமெடுக்கின்றன என்பார் ஒருவர். ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம் என்பார் இன்னொருவர். ஆனால் கடிகாரம் திருப்பும் நாளை மூன்று நான்கு வாரம் முன்னால் நகர்த்தி, விபத்து ஏற்றமும் அதன் பின்னாலேயே நகர்ந்து மார்ச்சில் வந்து உட்கார்ந்தால் பனியும் ஈஸ்டரும் தப்பித்துக்கொள்ளும், கடிகாரம் மாட்டிக்கொள்ளும். அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

அந்நாட்டில் சாலை விபத்தில் ஒருவர் அடிபட்டு 30 நாளுக்குள் இறந்தால், அந்த விபத்து மத்திய அரசின் பதிவேட்டில் ஏறிவிடும். எந்த இடம், எந்த மணி, ஓட்டியவர் யார், நடந்து போனவர் யார் எல்லாம் அதில் இருக்கும். 1975 முதல் இந்த வழக்கம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் செலின் வெட்டரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பதிவேட்டிலிருந்து 1996 முதல் 2017 வரையிலான 7,32,835 விபத்துகளை எடுத்து அலசி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். வசந்தத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளிய ஞாயிறுக்கு அடுத்து வரும் திங்கள் முதல் வெள்ளி வரை, உயிர்ச்சேத விபத்துகள் வழக்கத்தைவிட 6 சதவீதம் கூடுகின்றன. 2007-க்கு முன் அந்த ஏற்றம் ஏப்ரலில் தெரிந்தது. பின்னர் மார்ச்சில் தெரிந்தது.

6 சதவீதம் பெரிதா, சிறிதா? ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 7,32,835-ஐ 22 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 33,000 சொச்சம், நாளுக்கு 91. ஐந்து நாளுக்கு 455. அதில் 6 சதவீதம் என்றால் 27. ஆய்வாளர்கள் தங்கள் முறைப்படி நுணுக்கமாகக் கணக்கிட்டுச் சொன்ன எண்ணும் ஏறக்குறைய அதுதான்: ஆண்டுக்கு 28 விபத்துகள். அமெரிக்கச் சாலைகளின் ஓராண்டுச் சாவுக் கணக்கில் இது ஓரத்தில் எழுதவேண்டிய எண்தான். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவதையும் வேகத்தையும் ஒழிப்பதுபோல இதை ஒழிக்க மாமாங்கம் ஆகாது. ஒரு சட்டப்பிரிவால் வந்தது, அந்தப் பிரிவை அடித்துவிட்டால் போய்விடும்.

இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைகள் ஒவ்வொரு மார்ச்சிலும் கடிகார மாற்றத்தைக் கூண்டில் ஏற்றுகின்றன. விஷயம் அத்தோடு முடிந்தால் இந்த அத்தியாயமும் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். கடிகாரத்தைத் திருப்பும்போது சாலையில் நடப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தூக்கத்தைத் தொடுகிறது. அதன் ஆயுள் சில நாள். மற்றது வெளிச்சத்தைத் தொடுகிறது. அதன் ஆயுள் மாதக்கணக்கு. இரண்டும் ஒரே திசையில் இழுப்பதும் இல்லை, ஒரே ஆட்களைக் கொல்வதும் இல்லை.

நம் ஊர் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். நியூயார்க்கில் இருக்கும் மகளோடு பேசும்போது கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நம்மில் பலருக்கு இந்தச் சங்கதி அத்தோடு சரி. சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. கடிகாரத்தைத் தொடாவிட்டால் கோடையில் மூணே முக்காலுக்கே விடிந்து, ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது வெயில் வீணாகக் காயும். அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் சேர்த்துவிடும் தந்திரம்தான் கோடை நேரம். முதல் உலகப்போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1916 ஏப்ரல் 30-ல் தொடங்கின. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. இந்தியாவிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. இலங்கை 1996-ல் மின்தட்டுப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் முன்னே போய், சில மாதத்தில் அரை மணி பின்வாங்கி, 2006-ல் பழைய நேரத்துக்கே திரும்பியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்களுக்குச் சேமிக்க அவ்வளவு வெளிச்சம் மிஞ்சுவதில்லை.

முதலில் தூக்கம்.

வசந்த ஞாயிறு அதிகாலை 2 மணி அடிக்கவேண்டிய நொடியில் கடிகாரம் 3 காட்டும். அந்த ஞாயிறுக்கு 23 மணி நேரம்தான். சுவரில் இருப்பதைத் திருப்ப நொடி போதும். மூளைக்குள் இருப்பதற்கு நாள் பிடிக்கும். இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு ஜோடி நரம்புக் கொத்து இருக்கிறது. நம் உடம்பின் தலைமைக் கடிகாரம் அது. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏறவேண்டும் என்பதெல்லாம் அதன் உத்தரவு. வெளிச்சமே படாமல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான மனிதர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளம். ஆகவே தாமதமாகத் தூங்குவது அதற்கு இயல்பாக வருகிறது. வழக்கத்துக்கு முன்னால் தூங்கச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது தினமும் கொஞ்சம் முன்னே தள்ளப்பட்டு உலகத்தோடு ஒத்துப்போகிறது. வசந்த மாற்றம் ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரம் முன்னே வா என்கிறது. கூடவே, அதற்கு மருந்தாக இருக்கும் காலை வெளிச்சத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிடுகிறது. இதைவிட மோசமாகத் திட்டமிட முடியாது.

விளைவு எவ்வளவு? அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களின் காயப் பதிவேடுகளை ஆராய்ந்து கிறிஸ்டோபர் பார்ன்ஸ், டேவிட் வாக்னர் என்ற இருவர் 2009-ல் எழுதினார்கள். வசந்த மாற்றத்துக்கு மறுநாள் திங்களன்று அமெரிக்கர்களின் தூக்கம் சராசரியாக 40 நிமிடம் குறைகிறது. சுரங்கத்தில் காயங்கள் 5.7 சதவீதம் கூடுகின்றன. காயங்களால் இழந்த வேலை நாட்கள் கூடியது 67.6 சதவீதம். அதாவது காயங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் கடுமை பல மடங்கு ஏறியிருக்கிறது. தூக்கம் குறைந்தவன் அதிகத் தவறு செய்வது ஒரு பக்கம். செய்த தவறைக் கடைசி நொடியில் சரிக்கட்ட முடியாமல் போவது இன்னொரு பக்கம்.

சாலையில் அந்தக் கடைசி நொடிக்கு ஒரு நீளம் உண்டு. தூக்கம் போதாதவர் கண்ணைத் திறந்தபடியே மூன்று நான்கு நொடி இல்லாமல் போய்விடுவார். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 83 மீட்டர். பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் கடக்கும் 83 மீட்டர். இரவில் 7 மணி நேரமாவது தூங்கியவரோடு ஒப்பிட்டால், 5 முதல் 6 மணி நேரமே தூங்கியவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு, 4 முதல் 5 மணி நேரம் தூங்கியவருக்கு நாலு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க மோட்டார் சங்கத்தின் அறக்கட்டளை 2016-ல் கணக்கிட்டது. ஏற்கனவே ஆறரை மணி நேரத் தூக்கத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடமிருந்து 40 நிமிடத்தைப் பிடுங்கினால் அவர் எந்த வரிசையில் போய் விழுவார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கொலராடோ ஆய்வில் இதை உறுதி செய்யும் ஒரு தடயம் இருக்கிறது. ஒரே நேர மண்டலத்துக்குள் மேற்கே போகப் போகச் சூரியன் தாமதமாக உதிக்கும். பாஸ்டனும் டெட்ராய்ட்டும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கின்றன. கடிகாரம் மாறிய மார்ச் திங்களன்று பாஸ்டனில் சுமார் 7 மணிக்கு விடிந்தால், டெட்ராய்ட்டில் 7:50 ஆகிவிடும். டெட்ராய்ட்காரர் எழுந்து, குளித்து, பாதி வழி போன பிறகே அவருடைய மூளைக் கடிகாரத்துக்குச் சூரியன் கிடைக்கிறது. மண்டலங்களின் மேற்கு ஓரங்களில் விபத்து ஏற்றம் 6-லிருந்து 8 சதவீதமாக உயர்கிறது. காலை வேளைகளில்தான் அது மிகக் கூர்மை.

துறையின் பழைய வரலாற்றில் ஒரு சண்டையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றும் இணையத்தில் அந்தப் பழைய எண்தான் உலா வருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1996-ல் ஒரு பக்கக் கடிதம் ஒன்றை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார். கனடாவின் 1991, 1992 ஆண்டு விபத்துகளைப் பார்த்து, வசந்தத் திங்களன்று 8 சதவீதம் கூடுகிறது, இலையுதிர்காலத் திங்களன்று ஏறக்குறைய அதே அளவு குறைகிறது என்றார். ஒரு மணி நேரத் தூக்கம் போனால் ஏற்றம், வந்தால் இறக்கம்! இவ்வளவு அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். இரண்டே ஆண்டு, ஒரே ஒரு திங்கள். அன்று ஒரு மாகாணத்தில் பனி பெய்திருந்தால் போதும், கணக்கு புரண்டுவிடும். இரண்டு ஆண்டுக்குப் பின் அதே இதழில் அலெக்ஸ் வின்சென்ட் கனடாவின் மற்ற ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒன்றும் தென்படவில்லை என்று எழுதினார். வசந்த ஏற்றம் பின்னால் பெரிய தரவுகளில் மீண்டும் தலைகாட்டியது. ஆனால் இலையுதிர் இறக்கம் என்ற பரிசு யாருக்கும் உறுதியாகக் கிடைக்கவில்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறோம் என்றால் ஜனங்கள் அதைத் தூங்கிக் கழிப்பதில்லை என்பதுதான் காரணம். 1975 முதல் 21 ஆண்டு அமெரிக்கப் பதிவுகளைப் பார்த்த வர்கீஸும் ரிச்சர்ட் ஆலனும் 2001-ல் ஒன்றைச் சுட்டினார்கள்: இலையுதிர் மாற்ற ஞாயிறன்று சராசரியாக 139.5 உயிர்ச்சேத விபத்துகள்; அக்கம்பக்கத்து ஞாயிறுகளில் 126.7. சனிக்கிழமை ராத்திரி, மதுக்கடை வாசல், நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிக்கொள்ளலாம் என்ற தெம்பு. அமெரிக்காவில் அன்று அதிகாலை 1 மணி முதல் 2 மணி வரை இரண்டு முறை வருகிறது.

இனி வெளிச்சம். என் பார்வையில் இதுதான் பெரிய சங்கதி. தூக்கத்தைப் பற்றி எழுதப்படுவதில் பாதிகூட இதைப் பற்றி எழுதப்படுவதில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை நியூயார்க்கில் சூரியன் மறைவது சுமார் 5:50-க்கு. மறுநாள் ஞாயிறு, 4:50-க்கு. திங்களன்று அலுவலகம் விட்டு வெளியே வருபவர் போன வெள்ளி வரை வெளிச்சத்தில் கடந்த அதே ரோட்டை இருட்டில் கடக்கிறார். ரோடு அதுதான், வண்டிகளின் எண்ணிக்கை அதுதான், ஆட்கள் அதே ஆட்கள், மணி அதே ஐந்தரை. மாறியது வெளிச்சம் ஒன்றுதான். எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு சுத்தமாக ஒரு பரிசோதனை அமைக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் சல்லிவனும் மைக்கேல் ஃபிளானகனும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கடிகார மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்தி நேர விபத்துகளை ஒப்பிட்டு, நடந்து போகிறவர் வண்டி மோதிச் சாகும் வாய்ப்பு வெளிச்சத்தைவிட இருட்டில் 3 முதல் 6.75 மடங்கு என்று 2002-ல் எழுதினார்கள். காருக்குள் இருப்பவருக்கு அந்த மடங்கு இல்லவே இல்லை. இன்னொரு காருக்கு முன்னாலும் பின்னாலும் விளக்கு எரிகிறது. மனிதனுக்கு விளக்கு இல்லை.

இதை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாற்சந்தி. மழை விட்ட ஈரத் தார். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கடக்கத் தொடங்குகிறார். வருகிற காரின் இரண்டு ஹெட்லைட்டுகளும் அவர் கண்ணுக்கு அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிகின்றன. எனக்கு அவன் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது அவனுக்கு நான் தெரியமாட்டேனா என்று அவர் நினைக்கிறார். ஓட்டுகிறவரோ டிம்மில் வருகிறார். எதிரே வண்டி இருப்பதால் பிரைட் போட முடியாது. டிம் வெளிச்சம் தரையோடு படிந்து, எதிர் வண்டிக்கு மறுபக்கத்து ஓரத்துக்குச் சாய்ந்து விழும். அதில் கறுப்புக் கோட்டு ஒரு மனிதராக அடையாளப்படுவது பல சோதனைகளில் 50 மீட்டருக்கும் உள்ளேதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதித்து, ஈரமில்லாத ரோட்டிலேயே நிற்பதற்குச் சுமார் 70 மீட்டர் பிடிக்கும். இந்தக் கழித்தல் கணக்கில் மிஞ்சும் 20 மீட்டரில்தான் ஆள் இறக்கிறார்.

அப்படியானால் ராத்திரியில் ஓட்டுகிறவர்கள் ஏன் வேகத்தைக் குறைப்பதில்லை? அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1970-களில் இதற்கு ஒரு பதில் சொன்னார். பார்வை ஆராய்ச்சியில் இதைப்போல நடைமுறைக்கு நெருக்கமான கருத்து குறைவு. நம் பார்வை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இது என்ன என்று இனம் காண்பது. அதற்குக் கண்ணின் நடுப்பகுதி வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். இன்னொன்று, நான் எந்தப் பக்கம் போகிறேன், ரோடு எங்கே வளைகிறது என்று வழிநடத்துவது. அதற்கு ஓரப்பார்வையும் மங்கிய வெளிச்சமும் போதும். இருட்டினால் முதல் வேலை படுத்துவிடுகிறது, இரண்டாவது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வண்டி கோட்டுக்குள் நேராக ஓடுவதால் எல்லாம் சரியாகத் தெரிகிறது என்ற தைரியம் ஓட்டுகிறவருக்கு வந்துவிடுகிறது. தெரியாமல் போனது எது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கடிகாரத்தைத் திருப்புவதால் மாலையில் போன ஒரு மணி நேர வெளிச்சம் காலையில் கிடைக்கிறதே, அது ஈடு கட்டாதா? கட்டுகிறது, ஆனால் குறைவாக. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் மட்டும்தான் தெருவில் இருப்பார்கள். மாலையில் அவர்களோடு கடைக்குப் போகிறவர், விளையாடும் பிள்ளை, நாயோடு நடக்கும் கிழவர், இரண்டு கிளாஸ் போட்டவர் என்று தெரு நிறைந்திருக்கும். ஓட்டுகிறவரும் நாள் முழுக்க உழைத்துக் களைத்திருப்பார். ஒரே ஒரு மணி நேர வெளிச்சம்தான் கையில் இருக்கிறது என்றால் அதை மாலையில் வைப்பதே லாபம். சூசன் ஃபெர்குசனும் கூட்டாளிகளும் 1995-ல் கணக்கிட்டபடி, 1987 முதல் 1991 வரை அமெரிக்கா ஆண்டு முழுதும் கோடை நேரத்திலேயே இருந்திருந்தால் அந்த ஐந்து ஆண்டில் மொத்தம் 901 உயிர்ச்சேத விபத்துகள் குறைந்திருக்கும். அதில் 727 நடந்து போகிறவர்கள் சம்பந்தப்பட்டவை. வசந்த வாரத்தின் ஆண்டுக்கு 28-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரிட்டன் இதைக் காகிதத்தில் விடாமல் செய்தே பார்த்தது. 1968 பிப்ரவரியில் முன்னே தள்ளிய கடிகாரத்தை அக்டோபரில் திருப்பவில்லை. 1971 அக்டோபர் 31 வரை அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டிசம்பரில் சூரியன் உதிக்கும்போது மணி 9:45. பிள்ளைகள் ஒளிரும் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு கும்மிருட்டில் பள்ளிக்கு நடந்தார்கள். பால்காரர், தபால்காரர், கட்டட வேலைக்காரர், விவசாயி எல்லோரும் முணுமுணுத்தார்கள். காலையில் பிள்ளை அடிபட்ட செய்தி பத்திரிகையில் பெயரோடும் படத்தோடும் வந்தது. ஐந்து மணிக்கு வெளிச்சம் இருந்ததால் அடிபடாமல் வீடு போய்ச் சேர்ந்த பிள்ளையின் படத்தை எந்தப் பத்திரிகை போடும்? 1970 டிசம்பர் 2-ல் பாராளுமன்றம் 366-க்கு 81 என்ற வாக்கில் பரிசோதனையை ஊற்றி மூடியது. பிறகு நிதானமாகக் கணக்குப் பார்த்தபோது, காலையில் விபத்து கூடியது உண்மைதான், மாலையில் குறைந்தது அதைவிட வெகு அதிகம் என்று தெரிந்தது. முதல் இரண்டு குளிர்காலங்களில் மட்டும், இறந்தவர்களும் படுகாயப்பட்டவர்களுமாகச் சேர்த்து சுமார் 2,500 பேர் குறைந்திருந்தார்கள்.

ஆனால் அந்த எண்ணிலும் ஒரு கலப்படம் உண்டு. 1967 அக்டோபரில்தான் பிரிட்டனில் ஓட்டுநரை ஊதச் சொல்லும் சோதனை வந்தது. மாலை விபத்து குறைந்ததில் வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, ஊதும் குழாயின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் குழப்படி. எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரி 6-ல், குளிர்காலத்தின் நட்டநடுவில் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். சில வாரத்தில் ஃபுளோரிடாவில் காலை இருட்டில் பள்ளிக்குப் போன எட்டுப் பிள்ளைகள் வண்டி மோதி இறந்தார்கள். மாநில ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ திட்டத்தைக் கைவிடச் சொன்னார். அக்டோபரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டு அந்தக் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதில் வேடிக்கை, அந்த ஆண்டு அமெரிக்கச் சாலைச் சாவுகள் 54,000-லிருந்து 45,000-ஆக விழுந்தன. கடிகாரத்தாலா? அதே ஜனவரியில் அதே நெருக்கடிக்காக நாடு முழுதும் வேகவரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் கிடைக்காமல் பல வண்டிகளும் வீட்டில் நின்றன. அந்த இரைச்சலில் கடிகாரத்தின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

மனிதர்களை விட்டு மான்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. மானுக்குத் தூக்கக் கடன் இல்லை, அலுவலகம் இல்லை, சட்டமும் தெரியாது. அது சூரியனைப் பார்த்து நடமாடுகிறது. வண்டிகள் கடிகாரத்தைப் பார்த்து. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் காலம் கன்னிங்ஹாமும் லாரா ப்ரூவும் 23 மாநிலங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மான் மோதல்களை எடுத்து 2022-ல் அலசினார்கள். சூரியன் மறைந்த பிறகான இரண்டு மணி நேரத்தில் மோதல்கள், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைப்போல 14 மடங்கு. இலையுதிர் மாற்றத்துக்கு அடுத்த வாரம் 16 சதவீத ஏற்றம். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் மொத்தமாக இருட்டுக்குள் தள்ளப்படுவதால் வருவது. நவம்பர் மான்கள் இணைசேரும் பருவமும்கூட. கிடாய்கள் முன்பின் பார்க்காமல் ஓடும். ஆண்டு முழுதும் கோடை நேரம் வைத்தால் 36,550 மான்களும் 33 மனிதர்களும் பிழைப்பார்கள் என்பது இவர்கள் மதிப்பீடு. கடிகாரத்தைத் தொடாத ஆஸ்திரேலிய மாநிலமான குயின்ஸ்லாந்தில் இதேபோல ஒரு கணக்கு கோவாலாக்களுக்குப் போடப்பட்டது: கோடை நேரம் கொண்டுவந்தால் வார நாட்களில் 8 சதவீதம் குறைவான கோவாலாக்கள் காரில் அடிபடும்.

மாற்றத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் இன்று சாலை ஆய்வாளரும் தூக்க மருத்துவரும் ஒன்றுபடுகிறார்கள். எந்த நேரத்தில் நிறுத்துவது என்றதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகிறார்கள். பிரிட்டனின் விபத்துத் தடுப்புச் சங்கம் குளிர்காலத்திலும் ஒரு மணி நேரம் முன்னேயே இருக்கவேண்டும், மாலை வெளிச்சம் முக்கியம் என்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020-ல் நேர் எதிராக, சூரியனுக்கு நெருக்கமான பழைய நேரமே நிரந்தரமாக வேண்டும் என்றது. இருட்டில் எழுந்து போகும் குளிர்காலம் முழுதும் மூளைக் கடிகாரம் பின்தங்கியே கிடக்கும், அதன் விலை சாலையில் மட்டுமல்ல இதயத்திலும் தெரியும் என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பும் தங்கள் கையில் உள்ள தரவைச் சரியாகத்தான் படிக்கிறார்கள். ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019 மார்ச்சில் 410-க்கு 192 வாக்குகளில், 2021-ல் மாற்றத்தை நிறுத்துவது என்று தீர்மானித்தது; எந்த நேரத்தில் என்பதில் நாடுகள் ஒத்துப்போகாததால் அது கிடப்பில் போனது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேரத்துக்கு எதிர்ப்பில்லாமல் ஒப்புதல் தந்தது. கீழவை அதைத் தொடவே இல்லை.

சாலையை மட்டும் வைத்து என்னைக் கேட்டால் மாலை வெளிச்சத்தின் பக்கம்தான் சாய்வேன். கூடவே, பள்ளி தொடங்கும் நேரத்தைக் குளிர்காலத்தில் அரை மணி தள்ளிவைக்காத ஊரில் அதைச் செய்யக்கூடாது என்றும் சொல்வேன். ஃபுளோரிடாவின் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டல் கழித்தலில் கரைத்துவிட முடியாது.

இந்த யோசனையைப் பிரிட்டனில் முதலில் கிளப்பிய வில்லியம் வில்லெட் ஒரு கட்டடக் காண்ட்ராக்டர். 1907-ல் அவர் சொந்தக் காசில் அச்சிட்டு விநியோகித்த துண்டுப் பிரசுரத்தில் ஒரே தாவலாக ஒரு மணி நேரம் கிடையாது. ஏப்ரல் மாத ஞாயிறுகள் நான்கில், ஞாயிறுக்கு 20 நிமிடமாக, மொத்தம் 80 நிமிடம். செப்டம்பரில் அதேபோலப் படிப்படியாக இறக்கம். 1915-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு வந்த சட்டம் ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரம் என்று ஆக்கிவிட்டது. கைச் சாவியால் கடிகாரம் திருப்பிய காலத்தில் நான்கு ஞாயிறு என்பது பெருந்தொல்லை. இப்போது போனும் காரும் தாமே திருத்திக்கொள்கின்றன. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் வாரத்துக்கு 20 நிமிடத்தைச் சிரமமில்லாமல் விழுங்கிவிடும். வசந்த வாரத்தின் 6 சதவீதத்தில் பெரும்பகுதி அப்படியே கரைந்துபோகக்கூடும். நவம்பரில் ஐந்தரை மணிக்கு நாற்சந்தியைக் கடக்கும் கறுப்புக் கோட்டுக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது தெருவிளக்கும், அந்த ரோட்டில் 80-ஐ 50 ஆக்கும் ஒரு பலகையும்.